காணாமல் போன 16 ஜிபி: ஒரு வொர்க்ஸ்டேஷனில் ப்ராசஸரும் ஹீட்சிங்கும் மாற்றிய கதை

"சிபியு மாற்றினேன்" என்று சொன்னால், மேசைக்கடியில் இருக்கும் முழுப் பெட்டியையும் மாற்றிவிட்டதாகத்தான் பாதிப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே மாற்றியது பெட்டியை அல்ல. அதற்குள் தீப்பெட்டி அளவில் உட்கார்ந்து கணக்கெல்லாம் போடும் ப்ராசஸரையும், அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விட அதன் தலைமேல் ஏறி நிற்கும் ஹீட்சிங்கையும். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துத்தான் திருப்புளியைக் கையில் எடுத்தேன். முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதில் ஒரு நாள் முழுக்க என் கட்டைவிரல் செய்த வேலைக்கான தண்டனை.

எங்கே, எதனால், எவ்வளவு பலன் கிடைத்தது என்பதைப் பிரித்துப் பார்க்க முடிந்த அரிய சந்தர்ப்பம் இது என்பதால் விவரமாக எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் நாம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு "இப்போது நன்றாக ஓடுகிறது" என்று சொல்லிவிடுகிறோம். எது ஓட வைத்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

புகார்

கட்டட வடிவமைப்புக்கான முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்யும், அதாவது கணக்கிட்டுப் படமாக்கும் இயந்திரம் அது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் ஒன்றுதான், எல்ஜிஏ 2011 வகை. உள்ளே இன்டெல் ஜியான் இ5-1620 வி2: 4 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), 3.7 கிகாஹெர்ட்ஸ், தற்காலிகமாக வேகம் கூட்டும் டர்போவில் 3.9. ரேம் 8 ஜிபி வீதம் 8 ஸ்லாட்டிலும் ஈசிசி (பிழையைத் தானே திருத்தும்) டிடிஆர்3, மொத்தம் 64 ஜிபி. அதில் வேலை செய்பவர் என்னைவிட இளையவர். அவர் சொன்ன புகார் இரண்டு. ரெண்டர் முன்பைவிட மெதுவாகப் போகிறது. விசிறி போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை. "புது ப்ராசஸர் போட்டா சரியாயிடும்ல, அண்ணா?" என்றார்.

சரியாகலாம். ஆனால் 'முன்பைவிட' என்ற சொல் எனக்கு உறுத்தியது. ஒரே மாடல் ப்ராசஸர், நேற்று வாங்கியதானாலும் பத்து வருடப் பழையதானாலும், ஒரே கடிகார வேகத்தில் ஒரே வேலையைத்தான் செய்யும். சிலிக்கானுக்கு மூட்டுவலி வருவதில்லை. முன்பைவிட மெதுவாகிறது என்றால், ஏதோ அதைப் பிடித்து இழுக்கிறது என்று பொருள்.

எனவே முதலில் அளந்தோம். ஒரே காட்சிக் கோப்பு, ஒரே அமைப்பு. ரெண்டர் முடிய 74 நிமிடம். சும்மா இருக்கும்போது கோர்களின் வெப்பம் 49 டிகிரி செல்சியஸ். இருபது நிமிடச் சுமைக்குப் பிறகு 88. அதற்கு மேல் ஏறவில்லை. நல்ல செய்தி என்று நினைக்க வேண்டாம். ஏறாமல் இருந்ததற்குக் காரணம், ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. 3.7இல் நிற்க வேண்டிய கடிகாரம் 3.2க்கும் 3.4க்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்தது. கருகிப்போகாமல் இருக்க அது செய்துகொள்ளும் தற்காப்பு இது.

பக்கவாட்டு மூடியைத் திறந்ததும் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. விசிறிக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் நடுவே தூசி படிந்து படிந்து, சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல ஆகியிருந்தது. விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே பாளமாக உரிந்து வந்தது. விசிறி பாவம், அந்தக் கம்பளியின் மேல்தான் இவ்வளவு நாளும் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

முதல் கட்டம்: எதையும் மாற்றாமல்

புது உதிரிகள் கையில் இருந்தன. ஆனாலும் அன்று போடவில்லை. பழைய ப்ராசஸரையும் பழைய ஹீட்சிங்கையும் வைத்தே, சுத்தம் செய்து, ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்த்தோம்.

கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் சுமை கொடுத்து ஓட்டிவிட்டு அணைத்தேன். சூடு இருந்தால் பழைய பேஸ்ட் இளகும். மின்கம்பியை உருவி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, மதர்போர்டில் இருந்த சிறு விளக்கு அணைவதைப் பார்த்த பிறகே கையை உள்ளே விட்டேன். நான்கு ஸ்க்ரூக்களையும் மூலைவிட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஹீட்சிங்கை நேராகத் தூக்காமல் இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுக்க வேண்டும். இந்த சாக்கெட்டில் ப்ராசஸரை ஓர் இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருப்பதால் ஹீட்சிங்கோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வராது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போல ப்ராசஸரிலேயே பின்கள் உள்ள வகையாக இருந்தால் இந்தத் திருகல் இன்னும் முக்கியம். இல்லாவிட்டால் பூட்டு பூட்டியபடியே இருக்க, ப்ராசஸர் பின்களோடு மேலே வந்துவிடும்.

பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. நடுவில், அதாவது சில்லு இருக்கும் இடத்துக்கு நேர் மேலே, பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கி உலோகம் பளிச்சென்று தெரிந்தது. சூடாகும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கி, ஒவ்வொரு முறையும் பேஸ்ட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறது. எங்கே மிகவும் தேவையோ அங்கேயே இல்லை.

பேஸ்ட் எதற்கு என்பதை எண்களோடு பார்த்தால்தான் உறைக்கும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் ஏறத்தாழ 400, அலுமினியம் 200க்கு மேல், நல்ல பேஸ்ட் ஒற்றை இலக்கத்திலோ பத்தைச் சற்றுத் தாண்டியோ இருக்கும். அலகு, மீட்டர்-கெல்வினுக்கு வாட். செம்போடு ஒப்பிட்டால் பேஸ்ட் ஒரு மட்டமான கடத்திதான். ஆனால் அது செம்போடு போட்டிபோட வரவில்லை. காற்றோடு போட்டிபோட வருகிறது. காற்றின் திறன் 0.026 மட்டுமே. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே இருக்கும் நுண்பள்ளங்களில் காற்றுக்குப் பதிலாக பேஸ்ட் உட்கார்ந்தால், அந்த இடத்தில் கடத்தல் நூறு மடங்குக்கு மேல் உயர்கிறது. அதனால்தான் பள்ளத்தை நிரப்பும் அளவு போதும்; தடிமனாகப் பூசினால் செம்பு இருக்க வேண்டிய இடத்தை மட்டமான கடத்தி பிடித்துக்கொள்ளும்.

சுத்தம் செய்து, புதுப் பேஸ்ட் வைத்து, அதே காட்சியை மறுபடி ஓட்டினோம். உச்ச வெப்பம் 73. கடிகாரம் 3.7இல் அசையாமல் நின்றது. ரெண்டர் 66 நிமிடம். விசிறிச் சத்தம் பாதிக்குக் கீழே.

அதாவது ஒரு பைசா செலவில்லாத தூசி துடைப்பும், ஒரு சிட்டிகை பேஸ்ட்டும் 15 டிகிரியையும் 8 நிமிடத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டன. புகார் 'முன்பைவிட மெதுவாக' என்பது மட்டுமாக இருந்தால் வழக்கு இங்கேயே முடிந்திருக்கும். மீதி 66 நிமிடம்தான் இந்த ப்ராசஸரின் உண்மையான திறன். அதைக் குறைக்கத்தான் புது ப்ராசஸர் தேவை.

ஏன் இந்த ப்ராசஸர்

தேர்ந்தெடுத்தது ஜியான் இ5-2697 வி2. 12 கோர், 24 திரெட், 2.7 கிகாஹெர்ட்ஸ், ஒற்றைக் கோர் டர்போ 3.5, எல்3 கேஷ் 30 எம்பி. சர்வரிலிருந்து கழற்றிய பழைய சரக்கு. 2013இல் வந்த அதே ஐவி பிரிட்ஜ் தலைமுறை என்பதுதான் முக்கியக் காரணம். போர்டில் ஏற்கனவே ஒரு வி2 ஓடிக்கொண்டிருந்ததால் பயாஸ் (இயந்திரம் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) இந்தத் தலைமுறையை அடையாளம் காணுமா என்ற கவலை பெருமளவு நீங்கியது. 2012இல் வந்த முதல் தலைமுறை இ5 போட்டிருக்கும் இயந்திரங்களில் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வி2 வாங்கக் கூடாது. சில போர்டுகளின் தொடக்கக் காலப் பதிப்புகள், பயாஸைப் புதுப்பித்தாலும் வி2ஐ ஏற்பதில்லை. வி3, வி4 என்றால் பேச்சே வேண்டாம். அவை எல்ஜிஏ 2011-3 சாக்கெட்டுக்கானவை, டிடிஆர்4 ரேம் கேட்பவை. பெயரில் 2011 இருக்கிறதே என்று வாங்கினால் உட்காராது.

அடுத்தது மின்செலவு. பழையதும் 130 வாட், புதியதும் 130 வாட். 150 வாட் இ5-2687டபிள்யூ வி2வை நான் ஒதுக்கியதற்கு அதுவே காரணம். போர்டு கையேட்டில் ஒற்றை ப்ராசஸருக்கான உச்ச வரம்பு 130 என்றே இருந்தது.

கணக்கு இப்படி: 4 கோர் × 3.7 = 14.8. புதியதில் எல்லாக் கோரும் ஓடும்போது டர்போ 3.0 வரை போகும். 12 × 3.0 = 36. கிட்டத்தட்ட 2.4 மடங்கு. ரெண்டர் போல, வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய பணிக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கும். ஒரே கோரை நம்பி ஓடும் வேலைக்கு நேர் எதிர்: 3.9இலிருந்து 3.5க்கு இறங்குகிறோம். இதை அந்த இளைஞரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பின்னால் "கோப்பு திறக்க லேட்டாகுதே" என்று வரக்கூடாது பாருங்கள்.

ஹீட்சிங்கில் கொஞ்சம் தயங்கினேன். சந்தையில் கிடைக்கும் பெரிய கோபுர வகை ஒன்றைப் போடலாம் என்றுதான் முதலில் எண்ணம். இரண்டு விஷயம் தடுத்தது. எல்ஜிஏ 2011இல் ஸ்க்ரூ துளைகள் இரண்டு விதமாக வரும்: 80 மி.மீ. சதுரம், அல்லது 56க்கு 94 என்ற குறுகல் வகை. வாங்கும் முன் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். நமது போர்டில் சதுரம்தான், அது பிரச்சினையில்லை. பிரச்சினை விசிறி பிளக். வழக்கமான 4 பின்னுக்குப் பதில் இதில் 5 பின். தரை, 12 வோல்ட், வேக அளவீடு, வேகக் கட்டுப்பாடு ஆகிய நான்கும் வழக்கம்போல. ஐந்தாவது விசிறிக்கானதே அல்ல. எந்த வகை ஹீட்சிங்க் பூட்டியிருக்கிறது என்று போர்டுக்குச் சொல்வதற்கு. 4 பின் விசிறியை மாட்டினால், விசிறி சுற்றினாலும், போர்டு ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றுவிடும். கம்பியை வெட்டி ஒட்டி ஏமாற்ற வழி இருக்கிறது. தினமும் வேலை செய்யும் இயந்திரத்தில் அந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. அதே மாடலின் உயர்வகை இயந்திரங்களுக்குக் கொடுக்கப்பட்ட, செம்பு வெப்பக் குழாய்கள் உள்ள ஹீட்சிங்கைப் பழைய சரக்கில் தேடி வாங்கினேன். பிளக், ஸ்க்ரூ, காற்றுக் கூண்டு எல்லாம் அப்படியே பொருந்தின.

இரண்டாம் கட்டம்

சாக்கெட்டுக்கு இரண்டு லிவர். திறக்கும்போது எது முதலில் என்று சட்டத்திலேயே பூட்டுப் படம் போட்டிருக்கும். மூடும்போது அதே வரிசை தலைகீழ். சட்டத்தைத் தூக்கி, பழைய ப்ராசஸரை ஓரங்களில் பிடித்து நேராக மேலே எடுத்தேன். கீழே 2011 பின்களும் வரிசையாகச் சாய்ந்து, நெல் வயலில் காற்று போனது போல் நின்றன. மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் வரிசை வரிசையாக ஒளி ஓடும். எங்கேயாவது ஒளி தடுக்கினால் அங்கே பின் வளைந்திருக்கிறது. தடுக்கவில்லை. துணியை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஒரு நூல் சிக்கினால் போதும், ஒரு வரிசையையே இழுத்துவிடும்.

புதிய ப்ராசஸரின் தங்க முக்கோணத்தையும் ஓரப் பள்ளங்களையும் பார்த்து, நேராக இறக்கி வைத்தேன். லிவரை அழுத்தும்போது நறநறவென்று ஒரு சத்தம் வரும், எதிர்ப்பும் பலமாக இருக்கும். முதல்முறை செய்பவருக்கு உயிரே போய்விடும். அது இயல்பு, அத்தனை பின்களையும் ஒரே நேரத்தில் அழுத்த அவ்வளவு விசை தேவை.

பேஸ்ட்டை மெல்லிய பெருக்கல் குறியாக வைத்தேன். நடுவில் ஒரு சொட்டு போதும் என்பது 37.5 மி.மீ. சதுர சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸருக்குச் சரி. இது அதைவிடப் பெரியது. ஹீட்சிங்கை இறக்கி, நான்கு ஸ்க்ரூவையும் முதலில் இரண்டு சுற்று, பிறகு மூலைவிட்டமாக அரைச் சுற்று அரைச் சுற்றாக, முட்டும்வரை.

பவர் போட்டதும் திரை இருட்டு. விசிறி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. ப்ராசஸர் மாற்றிய பிறகு முதல் துவக்கத்தில் போர்டு ரேமை எல்லாம் புதிதாகப் பழக்கிக்கொள்ளும். ஓரிரு முறை தானே அணைந்து எழும். இதற்குப் பயந்து நடுவில் மின்சாரத்தைத் துண்டிப்பவர்கள் உண்டு. காத்திருந்தோம். ஒன்றரை நிமிடத்தில் பயாஸ் வந்தது. 12 கோர் காட்டியது. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

"அண்ணா, 48தான் காட்டுது."

64 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 48.

16 ஜிபி எங்கே

இரண்டு ரேம் பலகைகள் தெரியவில்லை. ரேம் தளர்ந்திருக்கும் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எட்டையும் கழற்றி மாட்டினோம். 48. காணாமல் போன இரண்டு ஸ்லாட்டின் ரேமை வேறு ஸ்லாட்டுக்கும், அங்கிருந்ததை இங்கேயும் மாற்றினோம். மறுபடி அதே இரண்டு ஸ்லாட்தான் காலி. ஆக ரேம் குற்றமற்றது.

அந்த இரண்டு ஸ்லாட்டும் ஒரே சேனலை (ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான பாதையை) சேர்ந்தவை என்பது போர்டின் படத்தைப் பார்த்ததும் புரிந்தது. இந்த ப்ராசஸருக்கு நான்கு ரேம் சேனல். சேனலுக்கு இரண்டு ஸ்லாட். ரேம் கட்டுப்பாட்டகம் போர்டில் இல்லை, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஸ்லாட்டிலிருந்து வரும் தடங்கள் நேராக சாக்கெட் பின்களில்தான் போய் முடிகின்றன. ஒரு சேனல் மொத்தமாகக் காணாமல் போனால், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பிரச்சினை ப்ராசஸருக்கும் பின்னுக்கும் நடுவில்தான். காரணங்கள் நான்கு இருக்கலாம்: வளைந்த பின், அழுக்கு, ஒருபக்கமாக அழுந்திய ஹீட்சிங்க், அல்லது பழைய சரக்கில் வந்த ப்ராசஸரே பழுது.

கடைசிக் காரணம்தான் வயிற்றைக் கலக்கியது. ஆனால் எளிதானதிலிருந்து தொடங்குவதுதானே முறை. ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, மறுபடி சீராக முடுக்கினேன். 48. சரி, கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பின்களை மறுபடி டார்ச்சில் பார்த்தோம். ஒளி தடையில்லாமல் ஓடியது. ப்ராசஸரைப் புரட்டினேன். அடிப்பக்கத் தங்கப் புள்ளிகளில், ஒரு நீண்ட ஓரத்தை ஒட்டி, சாம்பல் நிறத்தில் மெல்லிய இழுப்பு ஒன்று. அகலம் என் கட்டைவிரலின் பாதி. உருப்பெருக்கியில் பார்த்தபோது ஆறேழு புள்ளிகளின் மேல் படலம், அதில் கைரேகையின் கோடுகள்கூடப் பதிந்திருந்தன.

நடந்தது இதுதான். ஹீட்சிங்கின் அடிப்பரப்பில் பழைய உரிமையாளர் விட்டிருந்த பேஸ்ட்டை முதலில் துடைத்தேன். கையைத் துடைக்காமல் அப்படியே பெட்டியைத் திறந்து ப்ராசஸரை எடுத்தேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா சொன்னதில்லை.

சாதாரண தெர்மல் பேஸ்ட் மின்சாரம் கடத்தாது. அதனால்தான் குறுக்குச் சுற்று ஏற்பட்டு எதுவும் எரியவில்லை. இயந்திரம் எழவும் செய்தது. ஆனால் கடத்தாத அதே குணம்தான் பின்னுக்கும் புள்ளிக்கும் நடுவே சுவராக நின்று ஒரு சேனலை அறுத்துவிட்டது. மின்சாரம் கடத்தும் திரவ உலோக வகையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

நூல் பிரியாத துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்து, ஒரே திசையில், தேய்க்காமல் இழுத்தேன். துணியின் புதுப் பகுதியால் இன்னும் மூன்று முறை. காய விட்டேன். சாக்கெட் பின்களின் மேல் கை வைக்கவில்லை. காற்று ஊதும் குமிழால் இரண்டு ஊது மட்டும். பின்னில் ஒட்டியது ஏதாவது இருக்குமோ என்று உருப்பெருக்கியில் அந்த ஓரத்தை மட்டும் நிதானமாகப் பார்த்தேன். இரண்டு பின் நுனிகளில் மங்கல் தெரிந்தது. ஆல்கஹாலில் தோய்த்த மிக மெல்லிய தூரிகையால், பின் சாய்ந்திருக்கும் திசையிலேயே ஒருமுறை தொட்டு எடுத்தேன். அந்த அரை நிமிடம் மூச்சு விட்டேனா என்பது நினைவில்லை.

மாட்டி, பவர் போட்டு, மறுபடி அந்த ஒன்றரை நிமிட இருட்டு. 64.

வளைந்த பின்னும் ஹீட்சிங்க் அழுத்தமும் ஏற்கனவே விலக்கப்பட்டிருந்தன. படலத்தை எடுத்ததும் சேனல் திரும்பி வந்தது. அதே முயற்சியில் ப்ராசஸரும் மறுபடி உட்கார வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்டிப்பான ஆய்வாளர் என்றால் துடைக்காமல் ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்திருப்பார். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

அளவுகள்

அன்றிரவு முழுக்க, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடியது. காலையில் பிழை பூஜ்யம். ஈசிசி பதிவிலும் திருத்தப்பட்ட பிழை ஒன்றுகூட இல்லை. சேனல் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும் என்பதால் அதைத் தனியாகப் பார்த்தேன்.

அதே காட்சி: 28 நிமிடம். 66ஐ 28ஆல் வகுத்தால் 2.36 மடங்கு. காகிதக் கணக்கு 2.4 என்றது, காட்சியை ஏற்றும் முதல் ஒரு நிமிடம் ஒற்றைக் கோரில் ஓடுவதால் அந்தச் சிறு இழப்பு. எதிர்பார்த்த பின்னடைவும் வந்தது. கனமான வரைபடக் கோப்பு ஒன்று திறக்க முன்பு 41 விநாடி, இப்போது 45.

வெப்பம்தான் பலரும் நம்பாத பகுதி. மூன்று மடங்கு கோர்கள், ஆனால் உச்ச வெப்பம் 64 டிகிரி. சுத்தம் செய்த பழைய ஏற்பாட்டைவிட 9 குறைவு. இதில் மாயம் இல்லை. இரண்டுக்கும் வரம்பு அதே 130 வாட். பழையதில் அந்த வெப்பம் நாலே கோர்களில், சிறிய இடத்தில் குவிந்தது. புதியதில் பெரிய சில்லின் மேல் பரவுகிறது. குறைந்த வேகத்துக்குக் குறைந்த மின்னழுத்தம் போதும், மின்னழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு கோரின் செலவும் அதன் இருபடியில் இறங்கும். மீதிப் பங்கு ஹீட்சிங்கினுடையது. வாட்டுக்கு 0.2 டிகிரி தடை உள்ள ஹீட்சிங்க் 130 வாட்டுக்குக் காற்றைவிட 26 டிகிரி மேலே நிற்கும், 0.25 என்றால் 32.5. இந்தப் புள்ளிக்கணக்கு வித்தியாசம்தான் வெப்பக் குழாய்களுக்குக் கொடுத்த காசு.

ப்ராசஸர் எவ்வளவு, ஹீட்சிங்க் எவ்வளவு என்று இந்த 9 டிகிரியை என்னால் பிரிக்க முடியாது. இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டேன். முதல் கட்டத்தில் காட்டிய பொறுமை இரண்டாம் கட்டத்தில் இல்லை. பழைய ஹீட்சிங்கில் புது ப்ராசஸரை ஒருமுறை ஓட்டியிருந்தால் அந்த எண்ணும் கிடைத்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து அதே காட்சியை மறுபடி ஓட்டினோம். 28 நிமிடம், 65 டிகிரி, பிழைப் பதிவு காலி. தகடுகளின் ஓரத்தில் மெல்லிய சாம்பல் படலம் மட்டும் ஆரம்பித்திருந்தது. அந்த இளைஞர் மூடியைத் திறந்து அவரே ஊதி எடுத்தார். அதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.